ஆள் நிற்கிறான், வேண்டாம்

இத்தனை ஆண்டுகள் வாயை மூடிக்கொண்டிருந்தது போதும். நீ உயிரோடு இருந்தவரை எதிரில் வந்தால் தலையைத் திருப்பிக்கொண்டேன். போன மாசியில் உன்னைத் தூக்கிக்கொண்டு போனபோதுகூடக் கூட்டத்தின் கடைசியில்தான் நடந்தேன்.

இப்போது என் மேசைமேல் உன் அட்டைப்பெட்டி இருக்கிறது. மூடியைத் திறந்ததும் சிக்னல் மோட்டாருக்குப் போடும் கிரீஸ் வாசனை அடித்தது. உள்ளே முழுக்க நீ எடுத்த ரயில் படங்கள். உன் மகள்தான் கொண்டுவந்து வைத்தாள்.

"ஞாயித்துக்கிழமை மண்டபத்துல அப்பா எடுத்த படத்தையெல்லாம் மாட்டப் போறோம் மாமா. நல்லதா பொறுக்கிக் குடுங்க. நீங்கதான் ரெண்டு வார்த்தை பேசணும்" என்றாள். வாசல் வரை போய்த் திரும்பினாள். "நீங்க ஏன் வூட்டுக்கு வர்றத நிறுத்திட்டீங்கன்னு அப்பா கடைசி வரைக்கும் சொல்லவே இல்ல."

சொல்லியிருக்க மாட்டாய். தெரியும்.

அரக்கோணம் போகும் பாதையில், மலைக்கோயில் நேராகத் தெரியும் அந்த ரயில்வே கேட்டில் நான் கேட்கீப்பர். எம்.ஏ. படித்தவன் கொடி பிடித்துக்கொண்டு நிற்கிறானே என்று ஊரே சிரித்தது. நீ சிரிக்கவில்லை. சிக்னல் பிரிவிலிருந்து கேட்டைப் பழுதுபார்க்க வருவாய். ஸ்பேனர் பைக்குள் துணி சுற்றிய கேமரா இருக்கும். உறவு ஒன்றும் இல்லாமலே முதல் வாரத்திலேயே மச்சான் முறை கொண்டாடி ஒருவருக்கொருவர் பாவா ஆகிவிட்டோம். ஆடிக் கிருத்திகையன்று மூடிய கேட்டுக்குப் பின்னால் காவடிக்காரர் ஒருவர், "தொறங்க சாமி, முருகன் நடைய சாத்திகினு போயிடுவாரு" என்று கத்தியதும், "சிக்னல் பச்சையானாத்தான் மயிலே பறக்கும், நில்லு நைனா" என்று நீ பதில் சொன்னதும், கூட்டமே சிரித்ததும் இந்தக் கோபத்திலும் நினைவுக்கு வருகின்றன.

எல்லாம் மாறிக்கொண்டிருந்த காலம் அது. நீலப் பெட்டிகள் ஒவ்வொரு வண்டியாகப் போய்ச் சிவப்புப் பெட்டிகள் வந்தன. கேட்டை எடுத்துவிட்டுச் சுரங்கப்பாதை போடப்போகிறார்கள் என்று அளந்துவிட்டுப் போயிருந்தார்கள். உனக்குப் பித்துப் பிடித்ததுபோல் ஆயிற்று. லீவு நாளிலும் வந்து நிற்பாய். "இதெல்லாம் போயிடும் பாவா. யாரு எடுத்து வெக்கிறது?" என்பாய்.

காலை எக்ஸ்பிரஸ் நீலப் பெட்டிகளோடு கடைசியாக ஓடிய நாள். கேட்டை மூடிவிட்டுப் பச்சைக் கொடியோடு என் இடத்தில் நின்றேன். வண்டி வளைவில் தெரிந்தது. நீ மண்ணில் முழங்காலிட்டிருந்தாய்.

"பாவா, ரெண்டு அடி அந்தாண்ட போ. ஃபிரேம்ல நின்னுகினு இருக்கற."

"யோவ், வண்டி வருது. நான் இங்கதான் நிக்கணும்."

"ஒரு நிமிசம் பாவா. மலை, வண்டி, கேட்டு, அவ்ளோதான். கார்டு பொட்டி வரும்போது வந்து கொடி காட்டு. ஆங், அப்படித்தான், ரூமுக்குப் பின்னால."

போனேன். தள்ளிப் போனவை என் கால்கள்தான், அதை மறுக்கவில்லை. படம் நன்றாக வரட்டும் என்று எனக்கும் ஆசை இருந்தது. கடைசிப் பெட்டி வரும்போது திரும்பி வந்து கார்டுக்குக் கொடி காட்டினேன்.

படம் நன்றாகத்தான் வந்தது. அலுவலகக் காலண்டரில் ஒரு மாதம் முழுக்க அதுதான். எல்லோரும் மலையைப் பார்த்தார்கள், வண்டியைப் பார்த்தார்கள். ஓர் அதிகாரி மட்டும், "கேட்டில் ஆள் எங்கே?" என்று கேட்டார். எனக்குக் குற்றப்பத்திரிகை வந்தது.

விசாரணைக்கு முதல் நாள் சாயங்காலம், பைபாஸ் டீக்கடையில் என் கையைப் பிடித்துக்கொண்டாய். "நான்தான் தள்ளிப் போகச் சொன்னேன்னு எழுதிக் குடுத்துடறேன். நீ கார்டு பரீட்சைக்குப் படி பாவா." மறுநாள், என்னை எதிரில் வைத்துக்கொண்டே அதிகாரி உன் வாக்குமூலத்தைப் படித்தார். 'படம் எடுக்கும் கவனத்தில் இருந்தேன். கேட்கீப்பர் எங்கே இருந்தார் என்பதைக் கவனிக்கவில்லை.' கீழே உன் கையெழுத்து. வெளியே வந்ததும் என் முகத்தைப் பார்க்காமல், "இன்னா பாவா பண்றது, என்னையும் சேத்துத் தூக்கிடுவாங்க" என்றாய். அதுதான் நாம் கடைசியாகப் பேசியது.

என்னை கேட்டிலிருந்து எடுத்து, தண்டவாளம் பார்க்கும் கேங்கில் போட்டார்கள். தண்டனை முடியும்வரை கார்டு பரீட்சை எழுதக்கூடாது. முடிந்தபோது எனக்கு வயது தாண்டியிருந்தது. கடைசிப் பெட்டியில் கொடியோடு போக வேண்டும் என்று படித்தவன், அந்த வண்டிகளுக்காக ஒதுங்கி நிற்கிறேன். உன் பயம் எனக்குப் புரியாமல் இல்லை. உன்னிடம் இன்னொரு படமும் இருந்தது என்பதுதான் தெரியாமல் இருந்தது.

நேற்றுக் காலை அது பெட்டியின் அடியில் கிடைத்தது. அதே நாள், அதே வளைவு. வண்டி தூரத்தில் சிறியதாக வருகிறது. கேட்டுக்குப் பக்கத்தில், என் இடத்தில், கொடியோடு நான். நீ என்னைத் தள்ளிப் போகச் சொல்வதற்குச் சற்று முன்னால் எடுத்தது. இதை மேசைமேல் வைத்து ஒரு வரி எழுதியிருந்தால் போதும், நான் பிழைத்திருப்பேன். பின்பக்கத்தைத் திருப்பினேன். நல்ல வெளிச்சம், தூசி, மாட்டலாம் என்று எல்லாப் படத்துக்கும் எழுதுவாயே, இதற்கும் பென்சிலால் எழுதியிருந்தாய்: 'ஆள் நிற்கிறான், வேண்டாம்.'

பாவா என்றுகூட எழுதவில்லை.

கேட் இப்போது இல்லை. சுரங்கப்பாதையில் மழைக்குத் தண்ணீர் தேங்கி, கே.ஜி.கண்டிகைக்குப் போகும் ஆட்டோக்கள் சுற்றிக்கொண்டு போகின்றன. எனக்கு ஒன்று மட்டும் மாறவில்லை. கல்யாண வீடோ கோயில் படியோ, யாராவது போனைத் தூக்கிப் பிடித்தால், யாரும் சொல்லாமலே இரண்டடி தள்ளிப் போய்விடுகிறேன். நீ எனக்கு விட்டுப்போனது அதுதான்.

ஞாயிறன்று நான் வரப்போவதில்லை. உன்னைப் பற்றி நல்லதாக இரண்டு வார்த்தை என்னிடம் இருக்கிறது. அந்த மண்டபத்தில் அதைச் சொல்ல வாய் வராது. நல்ல படங்களைப் பொறுக்கிவிட்டேன். காலண்டர் படமும் அதில் உண்டு, நன்றாக இருக்கிறது என்பதால். பெட்டியை நாளை ஆட்டோவில் அனுப்புகிறேன். பெட்டியின் அடியில் கிடந்த படத்தை மட்டும் இந்தக் கடிதத்தோடு உறையில் வைத்து, உன் பெயருக்கு, உன் வீட்டு விலாசத்துக்குத் தபாலில் போடுகிறேன். பிரிக்கப்போவது உன் மகள். காலண்டர் படத்தையும் இதையும் பக்கத்துப் பக்கத்தில் மாட்டுவதோ, இதை மறைத்து வைப்பதோ அவள் இஷ்டம். பின்பக்கத்துப் பென்சில் எழுத்தை நான் அழிக்கவில்லை.

முடிவில் பெயர் எழுதப் பேனாவைத் திறந்தேன். அந்த வாக்குமூலத்தின் கீழே நீ நிதானமாகப் போட்ட கையெழுத்து கண்ணுக்கு முன்னால் வந்தது. பேனாவை மூடிவிட்டேன். கையெழுத்து இல்லாமலே போகட்டும். கொடியோடு நிற்பவன் யார் என்று ஒருநாள் யாராவது அவளிடம் கேட்கட்டும்.