எச்சில் கூடை

பிப்ரவரி 3

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கால்வலி எப்படி இருக்கிறது? போனில் கேட்டிருக்கலாமே என்பாய். போன் உன் வீட்டுக்காரருடையது. நான் பேசினால் மாமா என் வாயையே பார்த்துக்கொண்டு நிற்பார். எனக்கோ தனியாக இருந்தாலே குரல் வராது. காகிதம் என் முகத்தைப் பார்ப்பதில்லை, அதனால் எழுதுகிறேன்.

நீ வெளிநாட்டுக்கு வேலைக்குப் போனதிலிருந்து உன் பிள்ளை சுண்டு பேசுவதில்லை என்பது உனக்குத் தெரியும். நாலு வயதுப் பையன் மறுபடியும் கால்சட்டையிலேயே போகிறான் என்பதை மாமா சொல்லியிருக்க மாட்டார். அவர் மூக்கைப் பொத்திக்கொண்டு என்னைக் கூப்பிடுவார். நான் கழுவிவிடுவேன்.

கழுவுவதுதான் எனக்கு வேலையும். குழந்தைகள் மருத்துவமனையில் ஒரு விளையாட்டு அறை இருக்கிறது. ஆபரேஷன் முடிந்த பிள்ளைகள், பயந்துபோன பிள்ளைகள், பேச்சு நின்றுபோன பிள்ளைகள் எல்லோரையும் டாக்டர் அங்கே அனுப்புகிறார். வாயில் வைத்த பொம்மைகளையெல்லாம் மூடிபோட்ட ஒரு கூடையில் போட்டுவைப்பார்கள். எச்சில் கூடை என்று அதற்குப் பெயர். அதிலிருக்கும் சளியையும் வாந்தியையும் பழைய பல்துலக்கி வைத்துத் தேய்த்து எடுப்பேன். அது எனக்கு அருவருப்பாக இல்லை. பெரியவர்களைப் பார்க்கத்தான் குமட்டுகிறது. நேற்று ஒரு அப்பா, மகன் கோணலாகக் கட்டிய கோபுரத்தைத் தட்டிவிட்டு, நேராகக் கட்டிக் காட்டினார். "பாத்தியா, இப்படித்தான்" என்றார். பையன் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். துப்பிவிட்டு வரலாம் போல இருந்தது. துடைப்பத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டேன், வேறென்ன.

அங்கே இருக்கும் விளையாட்டு டீச்சர் சாயங்காலத்தில் சுண்டுவையும் உள்ளே விடுகிறார். அவருக்கு ஒரு சட்டம் உண்டு. பிள்ளை விளையாடும்போது கேள்வி கேட்கக் கூடாது, திருத்தக் கூடாது, கை தட்டக்கூடக் கூடாது. பார்த்ததை வெளியே போய்ச் சொல்லவும் கூடாது. "வாயால சொல்ல முடியாததைக் கையால சொல்லிட்டிருக்காங்க. நடுவுல நாம பேசினா லைன் கட்டாயிடும்" என்பார்.

அக்கா, சுண்டு பேசிவிட்டான். நீல கவுன் போட்ட பொம்மை ஒன்றின் தோளில் தீப்பெட்டியைப் பை மாதிரி மாட்டினான். அறை முழுக்க நடத்திக்கொண்டுபோய் எச்சில் கூடையில் போட்டு மூடினான். "போ. வராத" என்றான். பிறகு என்னிடம் வந்து பன் வாங்கித் தின்றான். தானாகவே கழிப்பறைக்கும் போனான். இத்தனை நாளாக உள்ளே வைத்திருந்த கோபத்தை இறக்கிவைக்கிறான், இறக்கி முடித்தால் பேசுவான் என்று டீச்சர் சொன்னார்.

வெளியே சொல்லக் கூடாதுதான். நீ வெளி ஆளா? அவனைப் பெற்றவள். சந்தோஷத்தில் எழுதிவிட்டேன்.

உன் தங்கச்சி

பிப்ரவரி 22

என் செல்லத் தங்கச்சிக்கு,

உன் கடிதத்தைப் படித்து நான் சந்தோஷப்படவில்லை என்று சொன்னால் கோபித்துக்கொள்ளாதே.

இந்த வீட்டில் இரண்டு பிள்ளைகள். நாள் முழுக்கத் தரையில் தவழ்ந்து அவர்களுக்கு யானையாக இருக்கிறேன். அதற்குத்தான் சம்பளம். கால்வலி வேறெப்படி வரும்? யார் பிள்ளையையோ முதுகில் சுமக்கிறேன், என் பிள்ளை என்னை எச்சில் கூடையில் போட்டு மூடுகிறான்.

மனசு கேட்காமல் அன்றைக்கே போன் போட்டேன். "அம்மாவையாடா கூடையில போட்ட? அம்மா வரவே வேணாமா?" என்று கேட்டேன். போனை அப்பாவிடமே கொடுத்துவிட்டான். உன் மாமாவிடம் சொல்லி அழுதேன். "நீ அழாத, நான் பாத்துக்கறேன்" என்றார்.

சொன்னபடியே செய்துவிட்டார். வீடியோ வந்தது. நீயும் பார்த்திருப்பாய். அதே மாதிரி ஒரு பொம்மையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு "அம்மா வந்தாச்சு, அம்மா நல்ல அம்மா" என்று முத்தம் கொடுக்கிறானே, அந்தச் சிரிப்புக்கு எத்தனை வருடம் வேண்டுமானாலும் யானையாக இருக்கலாம். இங்கே வீட்டுக்காரம்மாவிடம் காட்டினேன். அவருக்கும் கண் கலங்கிவிட்டது.

எனக்கு இப்போதுதான் நிம்மதி. நீயும் வேளைக்குச் சாப்பிடு, இளைத்துப் போகாதே.

உன் அக்கா

மார்ச் 9

அன்புள்ள அக்காவுக்கு,

அந்த வீடியோவை வீட்டில் எடுக்கும்போது நானும் அங்கேதான் இருந்தேன். இதை எழுதக் கூடாது என்று மூன்று நாள் அடக்கிப் பார்த்தேன். முடியவில்லை.

மாமா பொம்மையை வாங்கிவந்தார். நாற்காலியில் உட்கார்ந்து போனைத் தூக்கிப் பிடித்தார். "சிரிடா. பல்லு தெரியணும். இப்ப அம்மாவுக்கு முத்தம் குடு. அழுதா பிஸ்கட் கிடையாது." சுண்டு அழுதான். முகத்தைத் துடைத்துவிட்டு மறுபடி எடுத்தார். அவன் தப்பாகச் சொன்னான், மறுபடி எடுத்தார். சாயங்காலம் முழுக்க இதுதான்.

நீ அதை இன்னொரு தடவை போட்டுப் பார். முத்தம் கொடுக்கும்போது அவன் பொம்மையைப் பார்க்கவில்லை. கண் இடது பக்கம் போகும். பிஸ்கட் பாக்கெட் அங்கேதான் இருந்தது. இடுப்புக்கு மேலேதான் அவன் தெரிவான். ஏன் என்று யோசித்தாயா? கால்சட்டை நனைந்துவிட்டது அக்கா. "கீழ தெரியாம எடுத்துக்கறேன், நீ சிரி" என்றார் மாமா. ஈரத்தோடு நின்றுகொண்டுதான் உன்னை நல்ல அம்மா என்று சொன்னான்.

தரையைத் துடைத்தது நான். அந்த நாற்றம் சோப்புப் போட்டதும் போய்விட்டது. அந்த வீடியோவை நினைத்தால்தான் சீ என்று வருகிறது. அதைப் பார்த்துக் கண் கலங்கிய வீட்டுக்காரம்மாவை நினைத்தாலும் வருகிறது.

"பாவம் மாமா, விடுங்க" என்று நானும் சொன்னேன். கொசு கத்தின மாதிரி இருந்திருக்கும். "ஒம்பதாவதோட நின்னவ எனக்கு வகுப்பு எடுக்கிறியா?" என்று கேட்டார்.

இப்போது சுண்டு விளையாட்டு அறைக்கு வந்தால் சுவரோரமாக உட்கார்ந்துவிடுகிறான். எதையும் தொடுவதில்லை. யாராவது திரும்பிப் பார்த்தால் உடனே பல்லைக் காட்டுகிறான். கண் சிரிப்பதில்லை, பல் மட்டும். கழிப்பறைக்குப் போவதும் நின்றுவிட்டது. டீச்சர் என்னிடம், "வெளிய சொன்னீங்களா?" என்று மட்டும் கேட்டார். தலையாட்டினேன். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை.

உன் தங்கச்சி

மார்ச் 25

தங்கச்சிக்கு,

உனக்கு என் மேல் என்னடி கோபம்? படுக்கப் போகும் முன்பு அதை ஒரு தடவை பார்த்துவிட்டுத்தான் படுக்கிறேன். என்னிடம் இருப்பது அது ஒன்றுதான். அதையும் பிடுங்க வேண்டுமா?

உன் மாமா முரடர்தான், யார் இல்லை என்றார்கள்? நான் அழுதேன் என்றுதானே செய்தார். பிள்ளைகளைப் போட்டோ எடுக்கும்போது சிரிக்கச் சொல்லாதவர்கள் யார்? பொம்மை விளையாட்டு, நாலு நாளில் மறந்துபோகும்.

இன்னொரு வருடம் இருக்க முடியுமா என்று வீட்டுக்காரம்மா கேட்கிறார். பிள்ளைதான் சரியாகிவிட்டானே, பிறகென்ன என்கிறார். நானும் ஒத்துக்கொள்ளலாம் என்றிருக்கிறேன். அடுத்த மாதக் கடைசிக்குள் சொல்ல வேண்டும். மறுபடியும் இந்த மாதிரி எழுதி என்னைக் கொல்லாதே.

அக்கா

ஏப்ரல் 8

அக்காவுக்கு,

எழுதாதே என்றாய். இதை மட்டும் படித்துவிடு. டீச்சரின் சட்டத்தை இரண்டாவது தடவையாக மீறுகிறேன். போன தடவை சந்தோஷத்தில் மீறினேன்.

நேற்று சுண்டு விளையாடினான். சுவரைவிட்டு எழுந்துபோய் ஒரு மரக்கட்டையை எடுத்து, இரண்டு கையாலும் முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டான். எதிரே ஒரு கரடிப் பொம்மையை நிறுத்தினான். மாமா மாதிரியே தொண்டையைச் செருமினான். "சிரிடா. பல்லு தெரியணும். அழுதா பிஸ்கட் கிடையாது." குரல்கூட மாமாவுடையதுதான். கரடி சிரிக்கவில்லை போலிருக்கிறது. அதன் காலில் கிண்ணத்துத் தண்ணீரை ஊற்றினான். நாற்காலிக்குப் பின்னால் கொண்டுபோய், தலை மட்டும் தெரிகிற மாதிரி நிறுத்தினான்.

நான் எழுந்திருக்கப் பார்த்தேன். டீச்சர் என் கையைப் பிடித்துக்கொண்டார். நாங்கள் அசையவில்லை.

பிறகு எச்சில் கூடையைத் திறந்து நீல கவுன் பொம்மையை எடுத்தான். கரடிக்கு எதிரே உட்கார வைத்தான். அதன் மடியில் அந்த மரக்கட்டையை வைத்தான். "அம்மா பாக்குறா" என்றான்.

அப்புறம் கட்டையை எடுத்துக் கூடைக்குள் வீசினான். கரடியைத் தன் சட்டையால் துடைத்தான், காலிலிருந்து மேலே வரைக்கும், நான் அவனைத் துடைக்கிற மாதிரியே. வீட்டுக்கு வரும் வழியில் என் கையை இழுத்து, "சித்தி, கரடிக்குக் குளிரும்" என்றான். நீ போன பிறகு அவனாகவே என்னிடம் சொன்ன முதல் பேச்சு.

நீ இன்னொரு வருடம் இருக்க வேண்டுமென்றால் இரு. ஆனால் அவன் சரியாகிவிட்டான் என்று சொல்லிக்கொண்டு இருக்காதே. எனக்கு மாமாவைப் பிடிக்கவில்லை, யாரையும் பிடிக்கவில்லை. உன் மேலும் அருவருப்பு வந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது. வருவதற்குள் எழுதிவிட வேண்டும் என்று எழுதினேன்.

தங்கச்சி

ஏப்ரல் 27

என் தங்கச்சிக்கு,

வீடியோவை நீ சொன்ன மாதிரி போட்டுப் பார்த்தேன். கண் இடது பக்கம்தான் போகிறது. இத்தனை நாள் அதைத்தான் கொஞ்சிக்கொண்டிருந்தேன். அழித்துவிட்டேன்.

வீட்டுக்காரம்மாவிடம் முடியாது என்று சொல்லிவிட்டேன். அடுத்த மாதம் வருகிறேன். உன் மாமா போனில் குதித்தார், குதிக்கட்டும். வந்து பேசிக்கொள்கிறேன்.

இங்கே சின்னவள் இன்று வெறும் டம்ளரில் டீ என்று கொடுத்தாள். ஊதி ஊதிக் குடித்தேன். சூடாக இருக்கிறதா என்று அவள் கேட்டபோது அழுகை வந்துவிட்டது. சுண்டுவோடு ஒருநாளும் இப்படி உட்கார்ந்து குடித்ததில்லை.

டீச்சரிடம் ஒன்று கேட்டுவை. அந்த அறையில் ஒரு மூலை எனக்குத் தருவாரா? அவனைத் தூக்க மாட்டேன், ஒன்றும் கேட்க மாட்டேன். இனி அவன் என்ன விளையாடுகிறான் என்று எனக்கு எழுதவும் வேண்டாம்.

என்னைக் கூடையில் போட்டால் கூடையிலேயே கிடக்கிறேன். மூடியை அவனே திறக்கட்டும்.

உன் அக்கா