சனியைப் பக்கவாட்டில் பார்த்த வாரம்

டிச. 2, திங்கள்

குளிர். காலையில் மூடுபனி. எதிர் வீட்டுத் தண்ணீர்த் தொட்டிகூடத் தெரியவில்லை.

அவமானத்தை முதலில் எழுதித் தொலைக்கிறேன். நேற்று மாலை மொட்டை மாடியில் புது டெலஸ்கோப்பில் மல்லிகாவுக்குச் சனி கிரகம் காட்டினேன். பக்தியோடு கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "எள்ளு தீபம் ஏத்தறேன்பா, இவரை விட்டுடு" என்று வேண்டிக்கொண்டாள். நிமிர்ந்தவள் கேட்டாள்: "என்னங்க, சனி அணைஞ்சு அணைஞ்சு எரியுமா?"

ஃபேக்டரிப் பக்கத்து செல்போன் டவர். உச்சி விளக்கு.

தப்பு என்மேல் இல்லை, துளை போடுகிற டிரில் பிட்மேல். கண் வைத்துப் பார்க்கிற லென்ஸ் மூன்று கொடுத்திருக்கிறார்கள்: 25, 10, 4. ஃபேக்டரியில் அரை ஆயுளை டிரில் பிட்டோடு குடும்பம் நடத்தினவனுக்கு 25 என்றால் பெரியது, 4 என்றால் குட்டி. 25-ஐப் போட்டேன். இத்தனை பெரிய லென்ஸிலேயே புள்ளியாகத் தெரிந்தால் அது சனியாகத்தான் இருக்கும், அவ்வளவு தூரம் என்று முடிவு கட்டினேன்.

இங்கே கணக்கு தலைகீழ். டெலஸ்கோப்பின் குவியத் தூரமான 700-ஐ லென்ஸ் எண்ணால் வகுக்க வேண்டும். 25 போட்டால் 28 மடங்கு. 10 போட்டால் 70. 4 போட்டால் 175. கூடவே மும்மடங்காக்கும் குழாய் ஒன்று. அதையும் மாட்டினால் 525. பெட்டிமேல் அந்த 525-ஐத்தான் தேர்தல் சுவரொட்டி அளவுக்குப் போட்டிருக்கிறான்.

டவர் விஷயம் வீட்டைத் தாண்டக் கூடாது என்று ம.விடம் சத்தியம் வாங்கியாயிற்று.

டிச. 3, செவ்வாய்

தாண்டிவிட்டது. ஆனால் வேறு உருவத்தில்.

செக்ரட்டரி பாண்டி வந்தார். எங்கள் அபார்ட்மென்டை ஆள்கிறவர், மதுரைக்காரர், என்னைவிட இளையவர். கார் வாங்கி வருஷமாகியும் சீட்டின் பாலித்தீனைப் பிரிக்காதவர். ஏறி உட்கார்ந்தால் அப்பளம் நொறுங்குகிற சத்தம்.

"அண்ணே, மாடிச் சாவியக் குடுத்துருங்கண்ணே."

"எதுக்கு தம்பி?"

"நீங்க சனியக் கூப்பிட்டு வச்சிருக்கீகன்னு கீழ் வீட்டு ரத்னக்கா சொல்லுது. அது வீட்டு மிக்ஸி புகைஞ்சிருச்சாம். மூணாவது மாடியில ஒருத்தருக்கு நைட் ஷிப்ட் போட்டுட்டாய்ங்க. எல்லாம் ஒங்க கொழா வழியாத்தேன் எறங்குதாம்."

'யோவ், நான் பார்த்தது டவர் லைட்டை' என்று ஒரு வரி சொல்லியிருந்தால் விஷயம் முடிந்தது. வாய் வரவில்லை. சனியைக் கூப்பிட்டவன் என்ற பெயரோடு வாழலாம். டவரைக் கும்பிட வைத்தவன் என்ற பெயரோடு முடியாது.

"அவர் ஏழரை வருஷம் நம்மளப் பாப்பாரு, நாம ஒரு நிமிஷம் அவரைத் திருப்பிப் பாக்கக் கூடாதா?" என்றேன். "எல்லாரையும் மாடிக்கு வரச் சொல்லுங்க. ஒருத்தர்கூடப் பாக்க மாட்டேன்னுட்டா சாவி உங்களுக்கு. டெலஸ்கோப்பும் மூட்டை கட்டியாச்சு."

"என்னைக்கு?"

"சனிக்கிழமை."

பாண்டி படியில் இறங்கும்போது இரண்டு தடவை திரும்பிப் பார்த்தார்.

சாவி போனால் வேறு இடம்? பால்கனிக்கு எதிரே சுவர். சானமாவுக் காட்டுப் பக்கம் இருட்டு அருமையாக இருக்கும். யானையும் அருமையாக இருக்கும்.

டிச. 5, வியாழன்

மேகம் இல்லை. மேற்கே பிறை, பக்கத்தில் வெள்ளி. லாரிப் புழுதி வழக்கம்போல.

ஒத்திகை. முன்னாலிருக்கிற சின்ன மூடியைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டேன் (போன தடவை தொலைத்துத் தேடினது போதும்). லென்ஸ் பரீட்சை:

4: இருட்டு. கேழ்வரகுக் கஞ்சிக்குள் ஏதோ நகர்கிறது.

4 + மும்மடங்கு, அதாவது சுவரொட்டி 525: முழுக் கறுப்பு. ஒரு தடவை என் இமை முடி தெரிந்தது.

25: அகலமான வட்டம். ஆட்டி அசைத்துத் தேடியதில் சனி சிக்கினார்.

சிக்கியதும் அசைக்காமல் 25-ஐ உருவி 10-ஐப் போட்டேன். வளையம்! இந்த வருஷம் ஒல்லியாம். முத்தில் ஊசி கோத்த மாதிரி. நிஜமாகவே. அணையாமல் எரிகிறது.

மல்லிகாவைக் கூப்பிட்டேன்.

மல்லிகா பார்த்தாள். "மங்கலா இருக்குதுங்க."

"எவ்ளோ தூரம் தெரியுமா?"

"அதுக்கு?"

ஆக, சட்டம் இயற்றியாயிற்று: தேட 25, பார்க்க 10. அந்த 4, பெட்டியிலேயே கிடக்கட்டும்.

நாளை: டார்ச் பேட்டரி. ம.வுக்குத் தைலம். பாண்டி எதிரில் சிரிக்காமல் இருப்பது.

டிச. 7, சனி

அரை நிலா. மொத்த அபார்ட்மென்டும் மாடியில், ஸ்வெட்டர் குல்லா சகிதம். யாரோ பஜ்ஜிகூடக் கொண்டுவந்திருந்தார்கள்.

நிலாவுக்கு வரிசை. "பள்ளம் பள்ளமா இருக்குது, நம்ம ரோடாட்டம்." எல்லோரும் சிரித்தார்கள். அடுத்து சனி என்றேன். வரிசை பின்வாங்கியது. மாடிக் கைப்பிடிச் சுவர்வரை.

ரத்னக்கா வேண்டாமென்று கையை ஆட்டினார். அவர் வீட்டில் கன்னடம். "பேடப்பா, பேடா! கோயில்லயே ஷனி மகாத்மா முன்னால நேரா நிக்க மாட்டோம். சைடுல நின்னு கும்புட்டு, திரும்பிப் பாக்காம வந்துருவோம். இங்க கண்ணோட கண்ண வெக்கறதா?"

பாண்டி உள்ளங்கையை நீட்டினார். சாவிக்கு.

அப்போதுதான் உறைத்தது. டெலஸ்கோப்பில் கண் வைக்கிற முனையில் முழங்கை மாதிரி ஒரு வளைவு, உள்ளே கண்ணாடி. கழுத்து வலிக்காமல் பார்க்க வைத்தது. அதைப் பக்கவாட்டில் திருப்பினேன்.

"ரத்னக்கா, குழாய் எங்க பாக்குது?"

"மேல. ஷனியை."

"நீ இங்க கண்ணு வெச்சா எந்தப் பக்கம் பாத்து நிப்ப?"

வந்து, குனியாமல், நின்று பார்த்தார். "தண்ணித் தொட்டியை."

"அப்ப நேருக்கு நேர் பாக்கறது யாரு? குழாயி. நீ சைடுலதான் நிக்கற. கோயில்ல நிக்கற மாதிரியே."

ரத்னக்கா செருப்பைக் கழற்றினார். குனிந்தார்.

"அய்யோ... இத்தனூண்டா! இவனுக்கா இத்தனை வருஷம் எண்ணெய் ஊத்தறேன்?"

அவ்வளவுதான். மாடி முழுக்கச் செருப்பு. நைட் ஷிப்ட்காரர் இரண்டு தடவை பார்த்து, ஷிப்டை மாற்றச் சொல்லி விண்ணப்பமும் வைத்தார்.

பாண்டி கடைசி. பார்த்துவிட்டுச் சொன்னார்: "மங்கலாக் கெடக்குண்ணே. பவரக் கூட்டுங்க. பெட்டியில கெடக்குற அந்த நாலப் போடுங்க."

இதற்காகத்தானே காத்திருந்தேன். "தம்பி, பவர் கூட்டினா பெருசாகும், தெளிவாகாது. அளவு தெரிஞ்சவனுக்குப் பத்து போதும். நீங்க முதல்ல கார் சீட்டுல பாலித்தீனைப் பிரிங்க, அப்புறம் பவரைப் பத்திப் பேசலாம்."

விசில். பஜ்ஜித் தட்டு என் பக்கம் வந்தது. சாவி என் பையில், மூடியோடு சேர்ந்து குலுங்கியது. இனி எவன் கேட்டாலும் தர மாட்டேன்.

டிச. 9, திங்கள்

வானம் சுத்தம். பாண்டி எதிரில் வந்தார், முகம் கொடுக்கவில்லை. சீட் பாலித்தீன் பிரித்துவிட்டாராம். ஜெயித்தேன்.

மல்லிகா டெலஸ்கோப்பைத் துடைத்துக்கொண்டிருந்தாள். "என்னங்க, முன்னாடி இது கழண்டு வருது."

உடைத்துவிட்டாள் என்று ஓடினேன். உடையவில்லை. பெரிய மூடி. இத்தனை நாள் நான் கழற்றியது அதன் நடுவிலிருக்கிற சின்ன மூடியை மட்டும். மிச்சம் புழுதியைத் தடுக்க என்று நினைத்திருந்தேன். வெளிச்சத்தையும் தடுத்திருக்கிறது.

மாலை மாடி. தனியாக. மூடி முழுக்க எடுத்து, பாண்டி கேட்ட 4-ஐப் போட்டேன்.

வளையம் பளிச்சென்று தெரிகிறது.