துவைக்காத பனியன்

அக்டோபர் 7, திங்கள்

ஒரு பனியன் குறைகிறது. கொடியில் இரண்டு, பெட்டியில் இரண்டு, உடம்பில் ஒன்று. ஆறு இருக்க வேண்டும். லவினாவைக் கேட்டேன். "காத்துல போயிருக்கும். கெளம்புங்க, வண்டி வந்துடப் போவுது" என்றாள். கிளிப் போட்ட பனியன் காற்றில் போகுமா? பதினெட்டு வருடமாக பெங்களூருக்கு ரயிலில் போய் கம்பெனி ஸ்டோர்ஸில் சரக்குக் கணக்குப் பார்க்கிறவனிடமா இந்தக் கதை?

அக்டோபர் 9, புதன்

பனியனோடு போகவில்லை. டார்ச், பழைய போர்வை, மூடி போட்ட டப்பா ஒன்று. எழுதி வைக்கிறேன், எதற்கும் இருக்கட்டும்.

இன்னொன்று. காலையில் நாயை, ரோஸியைக் கட்டும்போது சங்கிலிக் கொக்கியைக் கழுத்துக்கு இடப் பக்கம் மாட்டுவேன். வேலை முடிந்து வந்தால் வலப் பக்கம் இருக்கிறது. பகலில் யாரோ அவிழ்த்து மறுபடி கட்டுகிறார்கள்.

ரோஸிக்கு முன்னால் சீசர் இருந்தபோது — வேண்டாம். சீசரைப் பற்றி எழுதப் போவதில்லை.

அக்டோபர் 10, வியாழன்

பக்கத்து வீட்டு கங்கம்மா தானாக வந்து சொன்னாள். "இன்னாண்ணா, ஸ்கூட்டர்ல வர்றாரே சுனிலு, உங்களுக்கு உறவா?" எந்த சுனில்? "ரெண்டு வாரமா நீங்க இல்லாதப்ப வந்துக்கினு கீறாரு. ரோஸி கூட குலைக்கல."

தபால்காரரைப் பார்த்தாலே குதிக்கிற நாய். குலைக்கவில்லையாம்.

அக்டோபர் 13, ஞாயிறு

சர்ச்சுக்குக் கிளம்பும் முன் லவினா பின்கட்டில் போனில் மெதுவாகப் பேசினாள். "இன்னைக்கு வேணாம் சுனில், அவரு வூட்ல கீறாரு. செவ்வாக்கெழமை பத்து மணிக்கு வாங்க." மடியில் கனமில்லை என்றால் வழியில் பயம் எதற்கு? பிரசங்கத்தில் இன்று என்ன சொன்னார்கள் என்று யாராவது கேட்டால் எனக்குத் தெரியாது.

அவள் துணி துவைக்கும்போது வீட்டைச் சோதித்தேன். ஆமாம், சோதித்தேன். அரிசி டிரம்முக்குப் பின்னால் ஒரு நீலப் பை. போர்வை, டார்ச், பிளாஸ்டிக் கவரில் ஆதார், ரேஷன் கார்டு நகல்கள். டப்பா நிறைய பிஸ்கட், வழியில் சாப்பிடவா? அடியில் என் பனியன். துவைக்காதது. வேர்வைக் கறை அப்படியே.

வீட்டை விட்டுப் போகிறவள் புருஷனின் அழுக்குப் பனியனை எதற்கு எடுத்துப் போகிறாள்? போட்ட துணி ஒன்று கிடைத்தால் போதும், மந்திரம் வைத்துவிடலாம் என்று ஸ்டோர்ஸில் ரவிகுமார் ஒருமுறை சொன்னான். நான் ஞானஸ்நானம் வாங்கினவன், இதையெல்லாம் நம்ப மாட்டேன். தூக்கம் மட்டும் வரவில்லை.

இருபத்தாறு வருடம். என்ன குறை வைத்தேன்? சொல்லித் தொலைக்கலாமே.

அக்டோபர் 14, திங்கள்

கேட்கவில்லை. "ஆமாம், போகிறேன்" என்று சொல்லிவிட்டால்?

அக்டோபர் 15, செவ்வாய்

வழக்கம்போலக் கிளம்பினேன். பாதி வழியில் பங்காருப்பேட்டையில் இறங்கி டீக்கடையில் உட்கார்ந்து நேரத்தைத் தள்ளிவிட்டு, பஸ் பிடித்துத் திரும்பினேன். பத்தேகாலுக்கு வாசலில் ஸ்கூட்டர். சத்தமில்லாமல் உள்ளே போனேன்.

பின்கட்டில் லவினா எவர்சில்வர் தட்டைக் கரண்டியால் தட்டிக்கொண்டிருந்தாள். ரோஸி என்னைக்கூடப் பார்க்காமல் சமையலறை வழியாக ஓடி, வாசற்படி ஓரம் விரித்திருந்த போர்வையில் படுத்தது. போர்வையின் மேல் என் பனியன். சுனில் போனில் நேரம் பார்த்து, "பதினோரு செகண்டு, அக்கா!" என்றான்.

"இன்னா நடக்குது இங்க?"

சுனில் எழுந்து நின்றான். ராபர்ட்சன்பேட்டை மாட்டாஸ்பத்திரியில் வேலையாம். "மழைக்கு முன்ன நாய் வெச்சிருக்கறவங்களுக்கு சொல்லித் தர்றோம் சார். சுவர் விழுந்தா, தண்ணி வந்தா, எப்டி வெளிய கூட்டிக்கினு போறதுன்னு. அதுக்கும் ஒரு பை ரெடியா இருக்கணும். முக்கியமா, கட்டி வெக்கவே கூடாது."

லவினா அவனை வாசல்வரை அனுப்பிவிட்டு வந்தாள். பிறகு சொன்னாள். "சீசர் பேரெடுத்தாலே நீங்க தட்டை வெச்சிட்டு எழுந்து போறீங்க. நான் எப்டிங்க உங்ககிட்ட சொல்லுவேன்? நீங்க போனதும் ரோஸிய அவுத்துடுவேன், வர்றதுக்கு முன்ன கட்டிடுவேன்."

எழுதிவிடுகிறேன். இரண்டு வருடத்துக்கு முன் மழையில் பின்சுவர் விழுந்தது. லவினா மார்க்கெட்டில், நான் ரயிலில். சீசர் ஓடியிருக்கும். சங்கிலி விடவில்லை, சுவருக்கு அடியிலேயே போய்விட்டது. நான்தான் கட்டினேன். நான்தாங்க கட்னேன், வேற யாரு? ரோட்டுல அடிபட்டுடும்னு பயந்துக்கினு அதே சங்கிலில ரோஸியையும் கட்றேனே, எனக்கு அறிவு கீதா?

"பனியன் எதுக்கு?" என்று கேட்டேன். மந்திரச் சந்தேகத்தையும் சொல்லிவிட்டேன். சிரித்துச் சிரித்து அவள் கண்ணில் தண்ணீர். "உங்க பனியன் நாத்தத்துக்கு எந்த மந்திரம் நிக்கும்? புது எடத்துல உங்க வாசனை இருந்தாதான் அது அடங்குது. சோறு போடறவ நானு! வாசனை போயிடும், வாரத்துக்கு ஒண்ணு மாத்தணுமாம்."

அக்டோபர் 16, புதன்

சங்கிலியைப் பழைய இரும்புக்காரனிடம் போட்டேன். எடை பார்க்கவில்லை.

அக்டோபர் 23, புதன்

மூன்று நாளாக மழை. பதினோரு மணிக்கு ஸ்டோர்ஸுக்கு போன். "பயப்படாதீங்க. பின்சுவர் திரும்பவும் வெடிச்சிக்கினுச்சு, நாங்க சர்ச் ஹாலுக்கு வந்துட்டோம்." ரோஸி? "தட்டைத் தட்னேன். எனக்கு முன்ன வாசல்ல நின்னுச்சு. இப்ப உங்க பனியன் மேல தூங்குது."

ஒரு மணிக்குச் சுவர் விழுந்ததாம். முன்பு ரோஸியின் சங்கிலியைக் கட்டி வைத்த கம்பி செங்கல்லுக்கு அடியில்.

ரவிகுமார் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தான். நான் அழுததை யாரிடமும் சொல்ல மாட்டான் என்று நினைக்கிறேன்.

அக்டோபர் 27, ஞாயிறு

சர்ச்சிலிருந்து வந்து பனியனைக் கழற்றிக் கொடுத்தேன். லவினா வாளியில் போடப் போனாள்.

"அது நீலப் பைக்கு" என்றேன்.