குரல் மாட்டாத விமானம்

உன் அறையிலிருந்து தூசி சூடாகிற வாடை வந்தது. ரொம்ப நாள் எடுக்காத இஸ்திரிப் பெட்டியைச் சூடேற்றினால் வருமே, அந்த வாடை. அடுப்படியில் கரண்டியோடு அப்படியே நின்றுவிட்டேன். உன்னை அடக்கம் பண்ணிவிட்டு வந்ததிலிருந்து உன் கம்ப்யூட்டரை யாரும் போடவில்லை. நேற்று மத்தியானம் லுஹர் தொழுகை முடிந்த நேரம், உன்னோடு வேலை பார்த்த ஸ்ரீரங்கத்துப் பெண் வந்துதான் போட்டாள். கதவைத் திறந்துவிட்டதே நான்தான். ஆனாலும் வாடை மூக்கில் ஏறியதும் நீ உள்ளே உட்கார்ந்திருக்கிறாய் என்று மனது சொல்லிவிட்டது. உனக்கும் சேர்த்து டீக்குத் தண்ணீர் வைத்தேன்.

தம்பி, எனக்கு எழுத்துக் கூட்டத்தான் வரும். அஞ்சாவதோடு என்னை நிறுத்தி உன்னை மட்டும் மேலே படிக்க வைத்தார் அத்தா. அதை நான் மறக்கவில்லை. பாலக்கரை வீட்டை விற்று, விமானம் தாழப் பறக்கிற இடம் என்பதற்காகவே என்னையும் இந்தச் செம்பட்டுக்கு இழுத்து வந்தாயே, அதையும் மறக்கவில்லை. சமாதானம் பேச எழுதுகிறேன் என்று நினைத்துக்கொள்ளாதே.

ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்த காலத்திலேயே உனக்கு விமானச் சத்தம் என்றால் பைத்தியம். தூரத்தில் உறுமல் கேட்டால் டேப் ரெக்கார்டரைத் தூக்கிக்கொண்டு மொட்டைமாடிக்கு ஓடுவாய். கடையை மூடியபின் கம்ப்யூட்டர் வந்தது. அதில் விமானம் ஓட்டுகிற விளையாட்டு என்று நான் சொன்னால் உனக்குக் கோபம் வரும். "விளையாட்டு இல்லக்கா, சிமுலேட்டர். நெசமா பைலட்டுங்க உக்காந்து பழகுறது மாதிரி." அதற்குள் பறக்கவிட நீங்கள் இரண்டு பேருமாக ஒரு விமானத்தைச் செய்யத் தொடங்கினீர்கள். ஸ்ரீரங்கத்துப் பெண் உருவம் கொடுப்பாள், நீ சத்தம் கொடுப்பாய். அவள் உன்னைச் சார் என்பாள், என்னை மட்டும் பாட்டி என்பாள். அதுவும் மனதில் இருக்கிறது.

ஒரே விமானத்தில் இத்தனை உருவம் உண்டென்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. ஒரு வயிற்றுப் பிள்ளைகள் மாதிரி. பழைய குட்டை ஒன்று, நெட்டை ஒன்று, ஜன்னலே இல்லாத சரக்கு விமானம் ஒன்று, இறக்கை நுனி மேலே வளைந்த புதுசு ஒன்று. ஒவ்வொன்றுக்கும் கதவு, எடை, சத்தம் எல்லாம் தனித்தனியாகச் செய்ய வேண்டும், எல்லாவற்றையும் செய்ய ஆயுசு போதாது என்றீர்கள். எதைச் சேர்ப்பது, எதை விடுவது என்று கூடத்தில் உட்கார்ந்து பேசினீர்கள். நெட்டையின் சத்தத்தையே குட்டைக்கும் வைத்துவிடலாம், யாருக்குத் தெரியப் போகிறது என்று அவள் கேட்டாள். அன்றைக்கு நீ சொன்னது இன்னும் காதில் நிற்கிறது: "ஒருத்தன் ஒடம்புல இன்னொருத்தன் கொரல் வந்தா அதுக்கு என்னம்மா பேரு? பேயி."

வெற்றிலையை மடித்தபடி நான் கேட்டேன், உன் மச்சான் வந்த விமானம் இதில் எது என்று. பழைய குட்டைதான் என்றும், அதைச் சேர்க்கப் போவதில்லை என்றும் அவள்தான் சொன்னாள்.

"சரக்கு ஏத்துறதுக்கு எடம் இருக்கு, என் புருஷன் வந்ததுக்கு இல்லையா?"

"அது வேணாம்க்கா," என்றாய். ஏன் என்று கேட்டதற்கு எழுந்து தண்ணீர் குடிக்கப் போய்விட்டாய்.

அன்றோடு உன்னிடம் பேச்சை நிறுத்தினேன். சோற்றைப் போட்டுத் தட்டை நகர்த்துவேன். நீ சுவரைப் பார்த்து, "உப்பு கம்மின்னு அக்காகிட்ட சொல்லிரு" என்பாய். சுவரும் சொல்லும், நானும் உப்பை வைப்பேன். அப்படியே இருந்து, அப்படியே ஒரு சாயங்காலம் அஸர் தொழுகைக்குப் பிறகு சாய்ந்த நாற்காலியிலேயே மௌத்தாகிப் போனாய்.

உன் மச்சான் வந்த நாளை எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். ஷார்ஜாவிலிருந்து லீவில் வருகிறார். மத்தியான விமானம். விமானம் வீட்டைத் தாண்டியபின் புறப்பட்டால் போதும், அவர் வெளியே வர நேரமாகும் என்று நீதான் சொன்னாய். மாடியில் நீயும் நானும் மட்டும். நீ டேப்பை ஓடவிட்டாய். தலைக்கு மேலே வயிறு தெரிய அது இறங்கியது. நான் முக்காட்டை இழுத்துக்கொண்டேன். "வந்துட்டாங்க" என்றேன். ஏர்போர்ட்டில் எல்லோரும் வெளியே வந்தார்கள், அவர் வரவில்லை. தூங்குகிறார் என்று நினைத்து எழுப்பியிருக்கிறார்கள். எந்த இடத்தில் உயிர் போனதென்று யாராலும் சொல்ல முடியவில்லை. என் தலைக்கு மேலே போனபோது அவருக்கு மூச்சு இருந்ததா, இல்லையா? இத்தனை வருஷமாக அந்த ஒன்றைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

நேற்று வந்தவள் சுற்றி வளைக்கவில்லை. பழைய குட்டையைக் கேட்டு ஊர் ஊராக ஆட்கள் எழுதுகிறார்களாம். உன் கம்ப்யூட்டரில் தேடிப் பார்த்தால், அவளுக்கும் தெரியாமல் நீயே அதை முழுக்கச் செய்து வைத்திருக்கிறாயாம். சீட்டுத் துணியின் கோடு வரைக்கும்.

"கொரல் மட்டும் மாட்டாம விட்டிருக்கார் பாட்டி. சத்தமும் தனியா இங்கேயே இருக்கு. நீங்க சரின்னாதான் நான் வெளில விடுவேன்."

மாட்டிக் காட்டு என்றேன். நான் கேட்டு நீ மறுத்ததை, நீ போனபிறகாவது வாங்கிவிட வேண்டும் என்ற வீம்புதான்.

திரையில் ஸ்ரீரங்கத்துக் கோபுரம் எழுந்தது. பிறகு ஆறு, மலைக்கோட்டை. ஆற்றில் தண்ணீர் அசையவில்லை. பாலத்தில் ஒரு ஆள் இல்லை, நம் தெருவிலும் ஒரு ஆள் இல்லை. அந்த வெறிச்சோடிய ஊருக்கு மேலே அவருடைய விமானம் இறங்கிக்கொண்டிருந்தது. சத்தம் மெல்லக் கிளம்பி அறையை நிறைத்தது. அலமாரியில் டம்ளர்கள் கிணுகிணுத்தன.

சட்டென்று என் கை முக்காட்டை இழுத்தது.

அவள் வாசல் பக்கம் திரும்பிப் பார்த்து, "யாராவது வந்திருக்காளா?" என்று கேட்டாள்.

யாரும் வரவில்லை. நம் வீடுகளில் ஆண்பிள்ளை வாசலில் நின்று தொண்டையைச் செருமிவிட்டுத்தான் உள்ளே கால் வைப்பான், பெண்கள் முக்காடு போட்டுக்கொள்ளட்டும் என்று. உன் மச்சானின் செருமல் இரண்டு சின்னது, பிறகு ஒரு இழுப்பு. எஞ்சின் சத்தத்துக்குள்ளே, அதோடு பின்னி, இரண்டு சின்னது, ஒரு இழுப்பு. அதற்குப் பிறகுதான், அன்றைக்கு மாடியில் நீ பிடித்த டேப்பிலிருந்து, என் இளவயசுக் குரல்: "வந்துட்டாங்க."

மறுபடி போடச் சொன்னேன். மறுபடியும் செருமல் முன்னால், நான் பின்னால்.

எதையும் மறக்காதவள் என்று ஊரெல்லாம் சொல்லும். முக்காட்டை இழுத்தது நினைவில் இருந்தது, ஏன் இழுத்தேன் என்பது இல்லை. விமானக் காற்று என்றே நினைத்திருந்தேன். விமானத்தைப் பார்த்துச் சொன்னதாக நினைத்த வார்த்தை, அவர் செருமலைக் கேட்டுச் சொன்னது. வானத்தில் சீட்டில் சாய்ந்திருந்த மனுஷன், அதே நேரம் நம் வீட்டு வாசலில் நின்று செருமியிருக்கிறார்.

நீ இதைக் கேட்டிருக்கிறாய். எத்தனை தரம் கேட்டாயோ. அதனால்தான் வேண்டாம் என்றாய்.

"சார் இருமினது போல இருக்கு," என்றாள் அவள், பாவம். "அத மட்டும் எடுக்க முடியலை பாட்டி. எடுத்தா எஞ்சினும் சேந்து போயிடறது. நெட்டையோட சத்தத்தை வெச்சுடட்டுமா?"

நீ பேய் என்று சொன்னதை அவளுக்கு ஞாபகப்படுத்தினேன். அவள் கையை மடியில் வைத்துக்கொண்டாள். நான் உம் என்றால் முன்பின் தெரியாத யார் யாரோ, எந்தெந்த ஊரிலோ, அந்த விமானத்தைப் பொழுதுபோக்காக ஓட்டுவார்கள். ஒவ்வொரு தரமும் அவர் வந்து நம் வாசலில் செருமுவார். ஒவ்வொரு தரமும் நான் "வந்துட்டாங்க" என்பேன். ஒரு தரமும் அவர் உள்ளே வரமாட்டார்.

"வேணாம்மா," என்றேன். "அது இங்கயே கெடக்கட்டும்."

நீ சொன்ன அதே வார்த்தைதான். அதற்காக உன்னை மன்னித்துவிட்டேன் என்று எண்ணாதே. என் புருஷன் என் வாசலில் நின்றதை நீ ஒருத்தன் மட்டும் வைத்துக்கொண்டு, சுவரிடம் உப்புக் கேட்டுக்கொண்டிருந்தாயே. அதை எதில் சேர்ப்பது?

அவள் கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு பஸ்ஸுக்குப் போனாள். உனக்கு வைத்த டீயை நானே குடித்தேன்.

இன்றைக்கும் மத்தியான விமானம் போனது. இப்போது வருவது புதுசு, சத்தம் கம்மி. கை தானாக முக்காட்டுக்குப் போயிற்று. இனி அந்தப் பழக்கம் நிற்காது என்று தெரிகிறது. செருமல் ஏதும் கேட்கவில்லை. ஆனால் உன் அறையிலிருந்து அந்தத் தூசி வாடை மறுபடி வந்தது. கம்ப்யூட்டர் அணைந்துதான் கிடக்கிறது, தொட்டுப் பார்த்தேன்.

உன் மச்சான் வந்தால் எனக்குத் தெரிந்துவிடும். நீ வந்தால்தான் தெரியாது, ஒரு நாளும் நீ செருமியதில்லை. அத்தா எத்தனை திட்டியும் பூனை மாதிரி வந்து அடுப்படியில் நிற்பாய். அதனால் நான் நேற்றிலிருந்து முக்காட்டை இறக்கவே இல்லை. உப்பை அடுப்படி மேடை மேலேயே வைத்திருக்கிறேன்.