என் தாய் சொல் கேளாதவர் என்ற வரியை நீக்கக் கோரி

அனுப்புநர்
கு. சிந்து,
த/பெ. குழந்தைவேல்,
வடக்குத் தெரு, வேம்பக்குறிச்சி,
தா.பழூர் ஒன்றியம், அரியலூர் மாவட்டம்.

பெறுநர்
உயர்திரு மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
அரியலூர்.

பொருள்: கடந்த மே மாதம் வேம்பக்குறிச்சி நெல் கொள்முதல் நிலையத்தில் சுழல்காற்றில் என் தாயார் கு. புஷ்பவல்லி இறந்தது – விசாரணை அறிக்கையில் உள்ள ஒரு வாக்கியத்தைத் திருத்தவும், அதே களத்தில் இப்போது நெல்லுடன் காத்திருப்பவர்களைக் காக்கவும் வேண்டுதல் – தொடர்பாக.

பார்வை: மேற்படி விசாரணை அறிக்கையின் நகல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. அம்மா இறந்த மறுவாரம் விசாரணைக்காக எங்கள் வீட்டுக்கு வந்த அலுவலர், "காத்து வந்தப்ப ஒங்கள யாராவது எச்சரிச்சாங்களாம்மா?" என்று என்னிடம் கேட்டார். நான் பதில் சொல்லவில்லை. இல்லை என்று சொல்லவில்லை. எங்களிடம் சொல்லப்பட்டது வேறு என்றும் சொல்லவில்லை. அவர் அடுத்த கேள்விக்குப் போனார். அன்று நான் சொல்லாமல் விட்டதை எழுதித் தரவே இந்த மனு.

2. அறிக்கையின் நகல் இம்மாதம்தான் எங்கள் கைக்கு வந்தது. அதில் கண்டுள்ள வாக்கியம்: "பாதுகாப்பான இடத்துக்குச் செல்லுமாறு நிலையப் பணியாளரால் எச்சரிக்கப்பட்டும், மேற்படி பெண்மணி கேளாமல், நெல்லின் மீது கொண்ட ஆசையால் தாமாகவே களத்தில் தங்கி விபத்துக்குள்ளானார்." இதை என் தந்தைக்குப் படித்துக் காட்டினேன். மறுபடியும் படிக்கச் சொன்னார். பிறகு, "சொன்ன பேச்சக் கேக்காதவன்னா எழுதியிருக்கு அவள?" என்று கேட்டார். அன்று அவர் சாப்பிடவில்லை.

3. அறிக்கையை எழுதியவர் எங்கள் களத்தைப் பார்த்திருக்க வாய்ப்பில்லை என்பதால் சிலவற்றை விளக்க வேண்டியுள்ளது. கோடை நெல்லை அறுத்துக் கொண்டுவந்து கொட்டியிருந்தோம். சாக்கு வரவில்லை என்று கொள்முதல் நின்றிருந்தது. ஈரப்பதம் கூடினால் நெல்லைத் திருப்பிவிடுவார்கள் என்பதால், வெயிலில் விரித்துக் காயவைப்பதும் மழை மேகம் திரண்டால் குவித்துத் தார்ப்பாய் போட்டு மூடுவதுமாக ஒவ்வொரு குடும்பமும் அங்கேயே கிடந்தது. தார்ப்பாயின் மேல் கல் வைப்போம். காற்று வலுத்தால் கல் போதாது. ஆட்கள் ஓரத்தில் உட்காருவார்கள். மூலையில் உள்ள கயிற்றைக் கையில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொள்வார்கள், வழுக்கக் கூடாது என்பதற்காக. இதை யாரும் யாருக்கும் கற்றுத் தருவதில்லை. பார்த்துச் செய்வதுதான்.

4. அன்று பிற்பகல் களத்தில் இருந்த அம்மாவுக்கும் தந்தைக்கும் நான் சாப்பாடு எடுத்துக்கொண்டு போயிருந்தேன். புயலுக்கு முன் பெரும் அமைதி நிலவும் என்று புத்தகங்களில் படித்திருக்கிறேன். அன்று அமைதி எதுவும் இல்லை. களத்தில் வழக்கம்போல் சிரிப்பும் பேச்சும்தான் இருந்தன. மேற்கே தைல மரத் தோப்பின் மேல் வானம் மண் நிறத்தில் இருந்தது. காய்ந்த வயலில் சருகைச் சுழற்றிக்கொண்டு ஒரு காற்று நின்றது. கோடையில் அப்படி வருவதும் நாலு எட்டில் அடங்கிவிடுவதும் வழக்கம் என்பதால் யாரும் எழுந்திருக்கவில்லை.

5. நிலையத்தில் பருவகால உதவியாளராக வேலை பார்க்கும் தமிழரசன் எங்கள் ஊர்க்காரர். என் தாயாரின் பருத்த உடலைக் கேலி செய்வது அவர் வழக்கம். அம்மாவும் விடமாட்டார். அன்று நடந்த பேச்சை அப்படியே தருகிறேன்.

"புஷ்பவல்லி அக்கா, நீங்க ஒரு மூலையில உக்காந்தாப் போதும். புயலே வந்தாலும் தார்ப்பாய் அசையாது."

"ஏன்டா, குச்சிக்குக் கைலி கட்டுனாப்ல இருக்குற நீ என்னையச் சொல்றியா? மொதல்ல நீ எதையாவது புடிச்சிக்க. ஒன்னய தேடிக்கிட்டு எவன் கொள்ளிடம் வரைக்கும் போறது?"

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சற்று நேரத்தில் முதல் தூறல் விழுந்தது. தமிழரசன் களம் முழுவதும் ஓடிச் சத்தமிட்டார்: "யாரும் தார்ப்பாய விட்டுடாதீங்க. நனைஞ்ச நெல்ல எடுக்க மாட்டாங்க. அப்பறம் என்னைய வந்து கேக்காதீங்க." அன்று எங்கள் காதில் விழுந்த எச்சரிக்கை இது ஒன்றுதான். சொல்லிவிட்டு அவர் ஒதுங்கிப் போய் நிற்கவில்லை. துணைக்கு ஆள் இல்லாத ஒரு பெரியவரின் தார்ப்பாயைப் போய்ப் பிடித்துக்கொண்டார்.

6. காற்று ஒரு திசையிலிருந்து வரவில்லை. பக்கத்துப் பக்கத்தில் நின்ற தைல மரங்கள் எதிரெதிராகச் சாய்ந்ததைப் பார்த்தேன். தகரக் கொட்டகையின் கூரை ஓர் ஓரத்தில் கிளம்பி முழுதாகப் பிய்ந்து போனது. அதன் சத்தத்தில் வேறு எதுவும் கேட்கவில்லை. எங்கள் தார்ப்பாயின் அடியில் காற்று புகுந்து நடுவில் வீங்கியது. கல் வைத்த ஓரங்கள் உடனே கழன்றன. ஆள் பிடித்த ஓரங்கள் மட்டும் நின்றன. நான் ஒரு மூலையைப் பிடித்திருந்தேன். ஒரு கையில் சாப்பாட்டுத் தூக்கு இருந்ததால் கயிற்றைச் சுற்றிக்கொள்ளவில்லை. கயிறு என் கையிலிருந்து உருவிக்கொண்டு போயிற்று. அம்மா சுற்றியிருந்தார். தார்ப்பாய் எழுந்தபோது அவரும் அதனுடன் எழுந்தார். களத்தின் கிழக்கோரம் இருந்த சிமென்ட் கம்பத்தின் அடியில் அவரைக் கண்டோம். கயிறு அப்போதும் மணிக்கட்டில் இருந்தது. தந்தையால் அவிழ்க்க முடியவில்லை. தமிழரசன்தான் அரிவாள் கொண்டுவந்து அறுத்தார். தமிழரசனின் இடது கை ஒடிந்திருந்தது பிறகுதான் தெரிந்தது. சிற்றுந்தில் ஏற்றி ஜெயங்கொண்டம் கொண்டுபோகும் வழியில் அம்மாவின் மூச்சு நின்றது.

7. என் தாயார் ஆசையால் அங்கு தங்கவில்லை. ஊர் முழுவதும் தங்கிய இடத்தில் தங்கினார். சொன்னதைக் கேட்காமல் இறக்கவில்லை. கேட்டு இறந்தார்.

8. அன்று நனைந்த நெல்லைத் திருப்பி அனுப்பவில்லை என்பதையும் தங்கள் கவனத்துக்குக் கொண்டுவர வேண்டும். சேதத்தைப் பார்த்து ஈரப்பத வரம்பு தளர்த்தப்பட்டு, எங்கள் நெல் உட்பட எல்லாக் குவியல்களும் எடுத்துக்கொள்ளப்பட்டன. அதற்கு நன்றியுடையவர்களாக இருக்கிறோம். பிறகு தரக்கூடிய அந்தத் தளர்வை முன்கூட்டியே அறிவித்திருந்தால் காற்று எழுந்தபோதே எல்லோரும் கயிற்றை விட்டு ஓடியிருப்போம் என்பதை மட்டும் பணிவுடன் சொல்கிறேன்.

9. இதையெல்லாம் அன்றே ஏன் சொல்லவில்லை என்று தாங்கள் கேட்கலாம். அலுவலர் கேள்வி கேட்டபோது தமிழரசன் கையில் கட்டுடன் எங்கள் வாசலில் நின்றுகொண்டிருந்தார். துக்கத்துக்கு வந்தவர்களுக்கு நாற்காலி எடுத்துப் போடுவது முதல் எல்லா வேலையும் ஒரு கையால் அவரே செய்தார். நான் வாயைத் திறந்தால் பழி அவர் மேல் விழும் என்று தோன்றியது. அவர் தமக்கு மேலே உள்ளவர்கள் சொன்னதைச் சொன்னவர். நான் பேசாத இடத்தில் இன்னொருவர் எழுதிக்கொள்வார் என்று அப்போது எனக்குத் தெரியவில்லை.

10. ஆகவே இந்த மனுவை எழுதும் முன் அவரிடம் நேரில் போய்க் கேட்டேன். அவர், "எழுதும்மா. தார்ப்பாய விடாதீங்கன்னு நான் சொன்னேன்னே எழுது. அக்காவ ஓடச் சொன்னேன்னு எவன் எழுதுனானோ தெரியல. அப்புடிச் சொல்லியிருந்தா எனக்குத் தூக்கமாவது வரும்" என்றார். சாட்சியாகத் தம் பெயரையும் சேர்க்கச் சொன்னார். கொள்முதல் நிலையத்திலேயே, மூட்டை அடுக்கின் மேல் தாளை வைத்து, எல்லோரும் பார்க்கக் கையொப்பமிட்டார். வீட்டுக்குப் போய்ப் போட்டுக்கொள்ளலாம் என்று நான் சொன்னதை அவர் ஏற்கவில்லை.

11. குறுவை அறுவடை தொடங்கிவிட்டது. அதே களத்தில் மறுபடியும் குவியல்கள் இருக்கின்றன. பிய்ந்த கூரை இன்னும் போடப்படவில்லை. ஓடி ஒதுங்க ஒரு கான்கிரீட் அறைகூட அங்கு இல்லை. நேற்று மாலை காற்றடித்தபோது கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டு பெண்கள் உட்கார்ந்திருந்ததைப் பார்த்தேன். அவர்களில் ஒருவரிடம் சுற்றாதீர்கள் என்று சொன்னேன். "அப்ப நெல்லு?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்கான பதில் தங்களிடம் இருக்கிறது.

12. காற்றடிக்கும்போது நெல்லையும் தார்ப்பாயையும் விட்டுவிட்டு ஒதுங்க வேண்டும், அதனால் நனையும் நெல் திருப்பப்படாது என்று தங்கள் ஆணையாகப் பலகையில் எழுதி, மாவட்டத்தின் எல்லாத் திறந்தவெளிக் களங்களிலும் வைக்க வேண்டுகிறேன். ஒதுங்குவதற்கு உறுதியான ஓர் இடமும் வேண்டும். அறிக்கையில் என் தாயாரைப் பற்றிய அந்த வாக்கியத்தை நீக்கி, நடந்ததை எழுத உத்தரவிட வேண்டுகிறேன். உண்மையைச் சொன்னதற்காகத் தமிழரசன் மீது எந்த நடவடிக்கையும் எடுக்கப்படாமல் பார்த்துக்கொள்ள வேண்டுகிறேன். இழப்பீடு பற்றி இதில் நான் எதுவும் கேட்கவில்லை. என் தந்தை அந்த வாக்கியம் நீங்கிய நகலைப் பார்க்கக் காத்திருக்கிறார்.

இடம்: வேம்பக்குறிச்சி
நாள்: 18.09.2025

இப்படிக்கு,
கு. சிந்து

சாட்சி:
தமிழரசன்,
பருவகால உதவியாளர்

பின்சேர்க்கை (21.09.2025): நாளை திங்கட்கிழமை குறைதீர்க்கும் கூட்டத்தில் இம்மனுவைத் தங்களிடம் நேரில் அளிக்க இருக்கிறேன். கையொப்பமிட்ட மறுநாள் காலை வேலைக்குச் சென்ற தமிழரசனிடம், இனி வர வேண்டாம் என்று சொல்லப்பட்டது. எழுத்தில் எதுவும் தரப்படவில்லை.