‘யோசிக்காமல்’ என்ற சொல்

மார்ச் 4

என் வாயாடித் தங்கைக்கு,

அம்மாவுக்கு முழங்கால் வலி, மற்றபடி சுகம். ஆபீஸில் நாங்கள் தொகுக்கும் அகராதியில் ‘அவுட்பர்ஸ்ட்’ என்ற ஆங்கிலச் சொல்லுக்கு வந்திருக்கிறேன். ‘கோபமோ அழுகையோ திடீரென்று, யோசிக்காமல் வெளியே கொட்டிவிடுவது’ என்று பொருள் எழுதினேன். உதாரண வாக்கியத்தைக் கற்பனையாக எழுத எங்கள் பதிப்பாசிரியர் விடமாட்டார். நர்ஸாக வார்டு நோட்டில் தினமும் அந்தச் சொல்லை எழுதுகிறவள் நீ, ஒன்று அனுப்பேன்.

அப்பா போன அன்று ஆஸ்பத்திரி வராந்தாவில் நான் பேசியதும் அந்த வகைதான். வாய் தவறி வந்துவிட்டது. பத்து மாதமாக நீ வீட்டுப் பக்கமே வரவில்லை. அம்மா கேட்டுக்கொண்டே இருக்கிறாள்.

அண்ணன்

மார்ச் 11

அன்புள்ள அண்ணனுக்கு,

அம்மாவுக்கு மாத்திரை தனியாக அனுப்பியிருக்கிறேன். சாப்பாட்டுக்கு அப்புறம்தான் கொடுக்க வேண்டும்.

போன வாரம் ஏழாம் கட்டில்காரர் தட்டை விசிறியடித்தார். ‘திடீர் அவுட்பர்ஸ்ட்’ என்று எழுதினேன். பெரிய நர்ஸம்மா நோட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். “திடீர்னு எதுவும் வராது. அதுக்கு முன்னாடி என்ன நடந்துச்சுன்னு எழுது.” விசாரித்தேன். மகனுக்கு போன் போட்டுத் தரச் சொல்லி மூன்று நாளாகக் கெஞ்சியிருக்கிறார். யாரும் காதில் வாங்கவில்லை.

ஆகவே உன் பொருளிலிருந்து ‘யோசிக்காமல்’ என்பதை அடித்துவிடு. “நர்ஸா இருந்து என்ன கிழிச்சே, அப்பாவ நீதான் சாகவிட்டே” என்று அத்தனை பேர் முன்னால் கேட்டாயே, அது வாய் தவறி வருகிற பேச்சா? எத்தனை நாள் உள்ளே வைத்திருந்தாய்? அதை எழுது. மற்றதைப் பிறகு பார்க்கலாம்.

தங்கை

மார்ச் 19

தங்கைக்கு,

பதினொரு நாள்.

அப்பாவை அட்மிட் செய்த முதல் நாளே, ஏதாவது ஆனால் உன்னைத்தான் சொல்ல வேண்டும் என்ற நினைப்பு வந்துவிட்டது. பக்கத்தில் இருந்தவள் நீ. ப்ரூஃப் திருத்த வேண்டும் என்று சாக்குச் சொல்லி ஒதுங்கியவன் நான். நான்காம் நாள் அப்பா என்னைத் தேடுவதாக போன் செய்தாய். “நாளைக்கு வரேன்” என்றேன். அப்பா போகிறவரை வரவேயில்லை. பழியை உன்மேல் போட்டால் என்மேல் விழாது என்று கணக்குப் போட்டேன். நன்றாக யோசித்துத்தான் பேசினேன், என்னை மன்னித்துவிடு.

‘நெடுநாள் அடக்கியது ஒரே மூச்சில் வெளிப்படுவது’ என்று பொருளை மாற்றி எழுதிவிட்டேன்.

அப்பா என்னைப் பற்றி என்ன சொன்னார்? கேட்க இத்தனை நாளாயிற்று.

அண்ணன்

மார்ச் 25

அண்ணா,

ஞாயிற்றுக்கிழமை வருகிறேன்.

அப்பா உன்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. “அவனுக்கு வேலை இருக்கும், வந்துடுவான்” என்று கடைசிவரை கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். நீயாகக் கேட்கிறவரை இதைச் சொல்லக் கூடாதென்று வைராக்கியமாக இருந்தேன். அதுவும் யோசித்துச் செய்ததுதான்.

தங்கை