உயிரோடு இருக்கும் ஒருத்தியின் படம்

ஒக்டோபர் 6, செவ்வாய்
விடாத மழை. கடைப் பெயர்ப்பலகை எழுதும் வேலையில் மிச்சம் நாளைக்கு. நல்லதாகப் போயிற்று. பின்னேரம் சுகந்தி வந்து கதிரையில் இருந்தாள், நான் அவளைப் படம் கீற. தோர்ண்டன் ஹீத்தில் சலூன் வைத்திருப்பவள். கறுப்புக் கோட், சிவப்பு பூட்ஸ், கையில் கார்த் திறப்புக் கொத்து.

"சீலை, நகை ஒண்டும் வேண்டாம், பெல்ஜியம் அண்ணை. வேலைக்குப் போறமாதிரியே கீறுங்கோ."

பெல்ஜியத்து அன்ட்வேர்ப்பிலிருந்து லண்டனுக்கு வந்து ஏழு வருடம். இன்னும் எனக்குப் பெயர் அதுதான். அங்கே மியூசியம் துடைக்கிற வேலை. ஒரு பழைய ஓவியர், தன் காலத்துப் பெண்களை அந்தக் காலத்து உடுப்பு பாஷனிலேயே கீறினவர். அவர் படங்களுக்கு முன்னால் வாளியோடு நின்றுவிடுவேன். எனக்கும் அதே ஆசை. இங்கே கிடைத்ததோ செத்தவர்களின் படம். பாஸ்போட் போட்டோவைப் பார்த்துப் பெரிதாகக் கீறி முப்பத்தோராம் நாள் சடங்குக்குக் கொடுப்பது. இந்த வருடம் கை ஓயவில்லை. சுகந்தியின் தம்பியையும் கீறினேன். அந்தப் படத்தை வாங்கின அன்றைக்குச் சொன்னாள்:

"அவன் இருக்கேக்க ஒருத்தரும் கீறேல்லை. என்னை உயிரோட இருக்கேக்கயே கீறுங்கோ."

இன்றைக்கு என் முன்னால் இருந்து இருமுகிறாள், கால் மாற்றிப் போடுகிறாள், போனில் ஆரையோ ஏசுகிறாள். மூச்சுவிடும் ஆளைக் கீறுவது இதுதான் முதல் தடவை. எவ்வளவு சந்தோஷம்.

ஒக்டோபர் 10, சனி
முகம் சரிவந்துவிட்டது. படம் முழங்காலோடு நிற்கிறது, கீழே வெறும் இடம்.
வாங்க: டர்பன்டைன், வெள்ளை, பால்.

ஒக்டோபர் 13, செவ்வாய்
எழுதவே கூசுகிறது. சுகந்தி படம் பார்க்க வந்தாள். முகத்தைப் பார்த்துச் சிரித்தவள் கீழே பார்த்ததும் பின்வாங்கினாள். நானும் அப்போதுதான் கண்டேன். இடப்பக்கம் ‘தோற்றம்’. வலப்பக்கம் ‘மறைவு’. திகதிக்கு இடம்கூட விட்டிருக்கிறேன். பழக்கதோஷம். எப்போது எழுதினேன் என்றே நினைவில்லை.

அவள் தம்பியின் படத்திலும் இதே எழுத்து. கோட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

ஒக்டோபர் 14, புதன்
அவளுக்குப் போன் அடித்தேன், எடுக்கவில்லை. அந்த எழுத்தை அழிக்கத் துணியை எடுத்து, திரும்ப வைத்துவிட்டேன். உயிரோடு இருக்கிற ஒரேயொரு ஆள் வந்தாள். அவளையும் சாகடித்துவிட்டேன்.

ஒக்டோபர் 15, வியாழன்
வெயில். காலையிலேயே வாசலில் சுகந்தி.

"என்னை மன்னிக்கோணும், தங்கச்சி."

"அழுதன்தான் அண்ணை. பிறகு உங்கட முழியை நினைச்சுச் சிரிச்சுப்போட்டன். அந்த இடத்தைச் சும்மா விட்டாத்தானே எழுதுவியள்? என்ர காலைக் கீறுங்கோ. பூட்ஸோட."

பூட்ஸைக் கழற்றிப் பேப்பரில் வைத்துவிட்டு, என் செருப்பை மாட்டிக்கொண்டு சலூன் திறக்க ஓடினாள்.

கடவுளே, நன்றி. அவளுக்கும் நன்றி. மத்தியானம்வரை படத்துக்கு முன்னாலிருந்து எழும்பவில்லை. இடப்பக்கப் பூட்ஸ் ‘தோற்றம்’ மேல். வலப்பக்கப் பூட்ஸ், குதியை அழுத்தி, ‘மறைவு’ மேல். சிவப்பு முடிந்தது, இன்னொரு டியூப் வேண்டும்.

பாவம், என் செருப்பு அவளுக்கு இரண்டு சைஸ் பெரிது.